நம் காலடியில் ஒரு பாடநூல்

 

இன்று நிலவியல் என்னும் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிலவியல் என்றதும் வானத்து நிலவைப் பற்றிய பாடமோ என்று சிலர் எண்ணலாம். அன்று; இது நிலத்தைப் பற்றிய பாடம். கல்லும் மண்ணும் மலையும் ஊற்றும் சுரங்கமும் எப்படி உண்டாயின, எப்படி மாறி வந்தன, இனி எப்படி மாறக்கூடும் என்று ஆராய்வதே நிலவியல். ஆங்கிலத்தில் இதை ஜியாலஜி என்பார்கள்.

"கல்லையும் மண்ணையும் படிச்சு என்ன ஆகப் போகுது? மண்ணை வெட்டத்தான் நாங்க இருக்கோமே!" என்று உங்களில் ஒருவர் சொல்வது என் காதில் விழுகிறது. அப்படிச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஏனென்றால், ஒரு காலத்தில் நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, ஒரு மாணவன் தோட்டத்து ஓடையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வந்தான். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. "சார், இது இத்தனூண்டு கல்லு. ஆனா ஏன் சார் இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறையைக் கற்றேன். காலடி மண்ணைப் பற்றி நான் கற்கவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "வகுப்புக்குள்ளே கல்லை எல்லாம் கொண்டு வராதே, வெளியே போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டேன். அவனும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு அவன் அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை.

சில வாரம் கழித்து, தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் அவனுடைய பாட்டி வந்தார். பேச்சு முடிந்து எழுந்தவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து அதே கல்லை என் மேசைமேல் வைத்தார். "பேரன் வீசிட்டு வந்துட்டேன்னு சொன்னான் வாத்தியாரே. நான் போய்த் தேடி எடுத்தேன். இது ஈயக்கல்லு. சின்ன வயசுல நான் ஆத்துல டூலாங் அலசுனவ. கையில எடுத்தாலே தெரியும்" என்றார். "உட்காருங்க பாட்டி" என்று சொல்லி, ஒரு மணி நேரம் அவரிடம் நான் பாடம் கேட்டேன்.

டூலாங் என்பது குழிந்த, வட்டமான மரத்தட்டு. ஆற்றுமணலை அதில் அள்ளி, தண்ணீரில் வைத்துச் சுழற்றினால், இலேசான மணல் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். கனமான ஈயமணல் நடுவில் கறுப்பாகத் தங்கிவிடும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அதற்கென்று அரசாங்க அனுமதிச் சீட்டும் இருந்தது. பாட்டிக்குக் கை சொன்ன செய்தியைப் பின்னர் நான் ஏட்டில் படித்தேன். சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். ஈயக்கல்லோ ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். சிறுவன் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கலாம்.

உழைப்பாளியின் கையில் பிறந்த பாடம்

நேயர்களே, நிலவியல் பெரிய மாளிகைகளில் பிறந்த கல்வி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். 1769-ஆம் ஆண்டு பிறந்தவர். கொல்லர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். நிலம் அளப்பது அவர் தொழில். நிலக்கரிச் சுரங்கங்களுக்குள்ளும், புதிதாக வெட்டிய கால்வாய்க் கரைகளிலும் வேலை செய்தபோது, பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதைக் கண்டார். ஒவ்வோர் அடுக்கிலும் கல்லாய் உறைந்த சிப்பியும் சங்கும் வேறு வேறு வகையாக இருப்பதையும் கண்டார். அதை வைத்தே எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று அறிந்தார். 1815-இல் இங்கிலாந்து, வேல்சு முழுவதற்கும் நிலவியல் படம் வரைந்து வெளியிட்டார்.

அதே நாட்டில், லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரையூரில் மேரி ஆனிங் என்னும் பெண் வாழ்ந்தார். மரவேலை செய்யும் ஏழைத் தச்சர் ஒருவரின் மகள். கடலோரப் பாறைகளில் கல்லாய்ப்போன பழங்கால உயிரினங்களின் எலும்புகளைத் தேடி எடுத்து விற்றுப் பிழைத்தார். அவர் கண்டெடுத்தவற்றைப் பெரிய அறிஞர்கள் வாங்கிப் போய் ஆராய்ந்தார்கள். ஆனால், பெண் என்ற காரணத்தால் நிலவியல் கழகத்தில் அவருக்கு இடமில்லை. 1847-இல் அவர் மறைந்தார். அவர் எடுத்த எலும்புகள் இன்றும் இலண்டன் அரும்பொருளகத்தில் இருக்கின்றன.

இந்தப் பாடம் பள்ளிக்குள் வந்த வரலாறும் கேட்கத் தக்கது. 1868-ஆம் ஆண்டு, தாமஸ் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர், நார்விச் நகரத்துத் தொழிலாளர்களைக் கூட்டி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எதைப் பற்றி? ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியைப் பற்றி! அந்த ஊருக்கு அடியில் கிடக்கும் வெள்ளைச் சுண்ணம், கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடுகளால் ஆனது என்றும், அந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்றும் தொழிலாளர்களுக்கு விளக்கினார்.

அடுத்த ஆண்டு இலண்டனில் இளைஞர்களுக்கு அவர் தொடர்ந்து பாடம் நடத்தினார். அந்தப் பாடங்கள் 1877-இல் நூலாக வந்தன. அந்நூல் உலகத்தின் வடிவத்தில் தொடங்கவில்லை. இலண்டன் பிள்ளைகள் அன்றாடம் காணும் தேம்ஸ் ஆற்றில் தொடங்கியது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இது ஏன் கலங்கலாக இருக்கிறது, இந்த மண்ணை எங்கே கொண்டு போகிறது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் உலகம் முழுவதையும் விளக்கியது. பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்னும் முறை இப்படித்தான் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

நம் நாட்டு மலைகளின் கதை

அந்த முறையிலேயே நாமும் நம் ஊரில் தொடங்குவோம். ஈப்போவுக்குப் போகும் பாதையில், தட்டையான நிலத்திலிருந்து செங்குத்தாக எழும் வெள்ளை மலைகளைப் பார்த்திருப்பீர்கள். குகைகள் நிறைந்த அந்த மலைகள் சுண்ணாம்புக்கல். தைப்பூசத்திற்கு நாம் படியேறும் பத்துமலையும் அதே வகைக் கல்தான். சுண்ணாம்புக்கல் கடலில் உண்டாவது. ஆகவே, காவடி எடுத்து நாம் ஏறும் மலை, ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த பொருள். கம்பார் அருகே ஒரு ஈயலம்பத்தை ஆழமாகத் தோண்டியபோது, பழங்காலக் கடற்சிப்பிகளும் சங்குகளும் கல்லாய் உறைந்த நிலையில் கிடைத்தன. நிலவியலாளர்கள் அவற்றைக்கொண்டு அந்தப் பாறையின் வயதைக் கணித்தார்கள்.

கிழக்கே நீண்டு கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடரோ வேறு வகை, அது கருங்கல். பூமிக்குள் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு நிலத்துண்டுகள் நகர்ந்து வந்து ஒன்றோடு ஒன்று மோதி இணைந்தன. அந்த மோதலை ஒட்டியே இந்தக் கருங்கல் உண்டாயிற்று. இரண்டும் இணைந்த தழும்பு இன்றும் பெந்தோங், ரவுப் வழியாக ஓடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த இரண்டு துண்டுகளில் மேற்குத் துண்டு, அதாவது பேராக், கெடா, சிலாங்கூர் மேற்குப் பகுதிகள் அமைந்த துண்டு, அதற்கும் முன்பு கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் ஓரமாக இருந்தது. இந்தியாவும் அதே பெருங்கண்டத்தைச் சேர்ந்ததே. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இந்த நிலமும் அந்தப் பெருங்கண்டத்தை விட்டுப் பிரிந்து பயணம் வந்திருக்கிறது!

இனி, ஈயத்தின் கதைக்கு வருவோம். கருங்கல் குளிர்ந்தபோது அதன் வெடிப்புகளில் ஈயத்தாது தங்கியது. காலங்காலமாக மழையும் வெயிலும் கருங்கல்லை மண்ணாக்கின. ஆறுகள் மண்ணை அடித்துக்கொண்டு வந்தன. இலேசான மண் தொலைவுக்குப் போயிற்று. கனமான ஈயமணல் கிந்தா பள்ளத்தாக்கில் படிந்தது. கீழே இருந்த சுண்ணாம்புக்கல் கரடுமுரடாகக் கரைந்திருந்ததால், அதன் பள்ளங்களில் ஈயம் சிக்கிக்கொண்டது. பாட்டி தட்டில் செய்த வேலையை ஆறுகள் ஒரு பள்ளத்தாக்கு முழுவதிலும் செய்து வைத்திருந்தன!

1880-களில் கிந்தாவில் பெருங்கூட்டமாக மக்கள் ஈயம் எடுக்க வந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். ஈயத்தை ஏற்றிச் செல்ல இருப்புப்பாதை போட்டபோது நம்மவர்கள் ஏராளமானோர் அந்த வேலையில் உழைத்தார்கள்.

1903-ஆம் ஆண்டு, ஜே. பி. ஸ்கிரிவனர் என்பவரை மலாய்க் கூட்டு மாநிலங்களின் நிலவியலாளராக அரசாங்கம் நியமித்தது. அவர் அலுவலகம் பத்து காஜாவில் அமைந்தது. மலை மலையாக ஏறியும் லம்பம் லம்பமாக இறங்கியும் அவர் ஆராய்ந்தார். ஆனால், அத்தகைய அறிஞரும் ஓர் இடத்தில் தவறினார். கோப்பெங் பகுதியில் உருண்டைக் கற்கள் கலந்த களிமண்ணைப் பார்த்து, அது பழங்காலப் பனிக்கட்டி ஆறுகள் கொண்டு வந்து சேர்த்தது என்று முடிவு கட்டினார். டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்னும் மற்றொரு நிலவியலாளர் இதை மறுத்து, 1917-இல் கட்டுரை எழுதினார். அது பனிக்கட்டியின் வேலையன்று, மழையும் ஆறும் செய்த வேலையே என்றார். பிற்காலத்தார் ஜோன்ஸ் பக்கமே நின்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பனிக்கட்டியின் தடம் நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. லங்காவித் தீவில் சேறு இறுகிய பாறைக்குள் தனித்தனியாகக் கூழாங்கற்கள் பதிந்து கிடக்கின்றன. கோண்டுவானாக் காலத்தில் மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது விழுந்த கற்கள் அவை என்று நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். அந்த லங்காவியை 2007-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவு பெற்ற நிலவியல் பூங்காவாக அறிவித்தார்கள். தென்கிழக்காசியாவில் அதுவே முதலாவது.

மாணவர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக நிலவியலில் எதையும் ஏற்பதில்லை. கல் என்ன சொல்கிறது என்று மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு எட்டாத ஏடு

இவ்வளவு அறிவும் நம் காலடியைத் தோண்டியே சேர்ந்தது. ஆனால், அது நம் பிள்ளைகளை வந்து சேர்ந்ததா?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர். அவரே சில நேரம் கங்காணி அல்லது கிராணி. காலையில் பெரட்டு, மாலையில் பாடம். எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும் என்ற நிலை. ஸ்கிரிவனர் போன்றோர் எழுதிய ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளையோ பூகோள வகுப்பில் தூரத்து நாட்டு ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்தது. தோட்டத்து ஓடை எங்கே பிறக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அந்த ஓடைக்கரை ஈயத்தை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்ந்தன. 1979-ஆம் ஆண்டு மலேசியா ஏறக்குறைய 63,000 டன் ஈயம் எடுத்தது. அது உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1938-இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் 1982-லேயே வேலையை நிறுத்திவிட்டது. இன்று அது பார்வையாளர் வந்து பார்க்கும் நினைவுச் சின்னம். லம்பங்கள் இருந்த இடங்கள் இப்போது குளங்கள். வேலை போயிற்று. ஆனால், நிலத்தைப் பற்றிய அறிவு வேலையோடு போய்விட வேண்டியதில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலவியல் உயர்நிலைத் தேர்வுக்குத் தனிப் பாடமாக இருக்கிறது. கேரள மாநிலத்தில் மேல்நிலை வகுப்புகளில் அதைத் தனியாகக் கற்பிக்கிறார்கள். நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் பொதுவாக அது புவியியலுக்குள்ளும் அறிவியலுக்குள்ளும் சிதறிக் கிடக்கிறது. சில பக்கங்கள் மட்டுமே இருப்பதால் மாணவர்கள் அதைத் தேர்வுக்குப் படித்து, தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். அந்தச் சில பக்கங்களைச் சற்று நின்று படியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உயிரைக் காக்கும் பாடம்

ஏன் நின்று படிக்க வேண்டும்? 1973 அக்டோபரில், ஈப்போ கல்லுமலைப் பகுதியில், குனோங் செரோ என்னும் சுண்ணாம்பு மலையிலிருந்து பெரும் பாறைத்துண்டு ஒன்று பெயர்ந்து அடிவாரத்துக் குடியிருப்பின்மேல் விழுந்தது. ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டார்கள். மலை ஒரே நாளில் பெயர்வதில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஆண்டாண்டாக அதைக் கரைக்கிறது. அடிவாரம் அரிக்கப்பட்டு உள்வாங்குகிறது. மேற்பாறை பிடிப்பில்லாமல் தொங்குகிறது. இதை அறிந்தவன், முன்னே துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு நேர்கீழே வீடு கட்டமாட்டான். மாட்டுக் கொட்டகையும் போடமாட்டான்.

1993 டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி அருகே முகாமிட்டிருந்தவர்கள்மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். சரிவுகள் சில நேரம் முன்னறிவிப்புத் தருவதுண்டு. நேராக நின்ற மரங்கள் ஒரு பக்கமாகச் சாயும். மேட்டு நிலத்தில் புதிதாகப் பிளவுகள் தோன்றும். தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்கும். அடைமழை நாளில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், சாமான்களை எடுக்க நில்லாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாம் மறக்க முடியாது. அன்றைய ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பினாங்கில். அதே நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி தன் பெற்றோரோடு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளியில் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலை பற்றிப் படித்திருந்தாள். இது அதுதான் என்று கத்தினாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை, அவள் விடவில்லை. கடைசியில் கடற்கரையிலிருந்த நூறு பேரளவில் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், நூறு உயிர்! அந்த ஆசிரியர், "வெளியே போட்டுட்டு வா" என்று சொல்லவில்லை.

மரத்தடி மண்ணும் நிலவியலே

தோட்டத்தில் வாழும் நமக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே மரக்கன்றை இரண்டு தோட்டத்தில் நட்டால், ஓரிடத்தில் நன்கு வளர்கிறது; மற்றோரிடத்தில் சோடையாகிறது. காரணம் பல, அவற்றுள் பெரியது மண்ணின் பிறப்பு. மண் ஆராய்ச்சியாளர்கள் மலேசிய மண்ணை வகைவகையாகப் பிரித்து ஊர்ப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். ரெங்கம் வகை மண் கருங்கல் மட்கி உண்டானது; விரலால் தேய்த்தால் பரபரவென்று மணல் உறுத்தும்; ஆழமாக வேர் இறங்கும்; பால்மரத்துக்கு ஏற்றது. சிலாங்கூர் வகை, கடலோரத்துக் களிமண். வடிகால் சரியாக இருந்தால் செம்பனைக்கு மிக நல்லது. மலாக்கா வகையில் செம்பாறைச் சரளைக்கற்கள் நிறைந்திருக்கும். வேர் இறங்கத் திணறும். வெயில் காலத்தில் மரம் வாடும்.

இந்தச் செம்பாறைக்கு நிலவியலார் வைத்த பெயர் லாட்டரைட். அதற்குப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் அங்காடிபுரம் பகுதியில் மக்கள் இந்தப் பாறையை ஈரமாக இருக்கும்போது செங்கல்போல் வெட்டி, காய்ந்து இறுகிய பிறகு வீடு கட்டுவதைப் பார்த்தார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்து 1807-இல் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரைத் தந்தார். அதன் குணத்தைக் கண்டவர்கள் அங்கே கல் வெட்டிய தொழிலாளர்கள். பெயரைத் தந்தவர் ஏட்டறிஞர். இரண்டும் சேர்ந்தபோதுதான் கல்வி ஆயிற்று.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

இடைநிலைப் பள்ளியில் புவியியலைக் கைவிடாதீர்கள். அதோடு வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றையும் நன்கு படியுங்கள். பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்க இவை கைகொடுக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. படித்து முடித்தவர்கள் நிலத்தடி நீர் தேடலாம்; மலைச்சாலைகளின் சரிவுகளை ஆராயலாம்; எண்ணெய், கனிம வேலைகளுக்குப் போகலாம்; 1999-இல் அமைந்த கனிம, புவி அறிவியல் துறையில் பணி தேடலாம். 2008-ஆம் ஆண்டு நிலவியலாளர்களுக்கென்றே நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஆகவே, இது வேலையில்லாத படிப்பு என்று எண்ண வேண்டாம்.

பெற்றோர்களுக்கு மூன்று சொல். முதலாவது, பிள்ளை ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்தால் வீசாதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டின் கொடுங்கள். எங்கே எடுத்தது, எந்த நாள் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடச் சொல்லுங்கள். இடம் எழுதாத கல் வெறும் கல். இடம் எழுதிய கல் சான்று. இரண்டாவது, ஈப்போவுக்குக் கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போகும்போது, அங்குள்ள நிலவியல் அரும்பொருளகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூன்றாவது, வீட்டில் லம்பத்திலோ கல்லுடைப்பிலோ உழைத்த பெரியவர்கள் இருந்தால், அவர்களைப் பேசவிட்டுப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். ஏட்டில் இல்லாத பாடம் அவர்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, அந்தப் பாட்டியின் பேரனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் நிலவியலாளன் ஆனான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆகவில்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். இன்று ஒரு கல்லுடைப்பு இடத்தில் லாரி ஓட்டுகிறான். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது, பாறைக்கு வெடி வைக்கும் முன் எந்தப் பக்கம் பிளக்கும் என்று தனக்குப் பார்த்தாலே தெரிகிறது என்றான். "எப்படித் தெரியுது தம்பி?" என்றேன். "அதுக்குக் காரணம் தெரியல சார், ஆனா தெரியுது" என்றான். அவன் பாட்டியைப் போலவே அவன் கண்ணும் கற்றிருக்கிறது. காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் மேசைமேல் வைத்த கறுப்புக் கல் என் வகுப்பறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களின் கையில் அதையும், அதே அளவுள்ள ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையும் கொடுக்கிறேன். எது கனம் என்று கேட்கிறேன். ஏன் என்று அவர்கள் என்னைக் கேட்கும்வரை காத்திருக்கிறேன்.

நேயர்களே, உங்கள் பிள்ளை இன்று மாலை உங்களிடம் ஏதேனும் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியலம்மா, நாளைக்கு ஆசிரியரைக் கேள்" என்று சொல்லுங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் தெரியாவிட்டால், நாங்கள் தேடிப் படித்துச் சொல்கிறோம். கேள்வியை மட்டும் வெளியே எறிந்துவிட வேண்டாம்.